பிரிவு ஒன்பது அமலுக்கு வரும் நாள்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

இரண்டு வருடம் பேசாமல் இருந்தவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையைப் பார்த்ததும் நினைத்திருப்பாய். கோபம் தீர்ந்துபோய் எழுதவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது, ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும், அவ்வளவுதான். போன் செய்திருக்கலாம். உன் குரலைக் கேட்டால் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். அதனால் கடிதம்.

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். வேலை செய்யும் இடத்தில் ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியேறும் கதவைப் பூட்டினால் ஏழு வருடம் வரை சிறை, ஜாமீன் கிடையாது என்று சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அந்தச் செய்தியை நான்கு தடவை படித்தேன். பிறகு வெட்டி எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் தையல் கூடத்தின் பின்கதவு இன்றைக்கும் பூட்டித்தான் கிடக்கிறது. நம் சின்னவள் புகையில் மூச்சு முட்டிச் செத்த அதே கதவு. இஸ்திரி மேசையில் பிடித்த தீயை அணைத்துவிட்டார்கள், முன்வாசல் பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், நூல் அறைக்குப் போயிருந்த அவள் மட்டும் அந்தக் கதவைத் தட்டித் தட்டி அங்கேயே விழுந்தாள். சட்டைகள் திருடு போகின்றன என்று முதலாளி பூட்டி வைத்திருந்தான். பழைய சட்டப்படி அபராதம் கட்டினான். கட்டிவிட்டு நீதிமன்ற வாசலில் நின்று டிரைவரிடம் கார் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னான். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இடுப்பில் சாவிகள் குலுங்க அவன் வரும் சத்தம் கேட்டாலே, "சாவிக்கொத்து வருது, வாயை மூடு" என்பார்கள் எங்கள் பெண்கள். அங்கேயே இன்னும் வேலை செய்கிறாளே, வெட்கமாக இல்லையா என்று உன் மனைவி யாரிடமோ கேட்டாளாம். அண்ணியிடம் சொல், வெட்கமாகத்தான் இருக்கிறது என்று. அவன் அழிவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

நீ அரசு அச்சகத்தில் அரசிதழுக்குப் புரூஃப் பார்ப்பவன். எந்தச் சட்டமும் ஊருக்குத் தெரிவதற்கு முன் உன் சிவப்புப் பேனாவுக்குத் தெரியும். எனக்கு ஒரே ஒரு தேதி வேண்டும். இந்தச் சட்டம் என்றைக்கு உயிர் பெறுகிறது?

மற்றபடி உன் நலம் எல்லாம் நான் விசாரிக்கவில்லை.

உன் தங்கை

•

பிப்ரவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அச்சகத்துக் கழிவறையில் வைத்துப் படித்தேன். வேறு இடத்தில் படித்தால் எதிர் மேசைக்காரர் முகத்தைப் பார்த்தே என்ன ஏது என்று கேட்பார். நீ திட்டியிருந்தது எனக்கு ஒரு வகையில் நிம்மதி. திட்டக்கூட மாட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொல்வேன், என் தொழில் அப்படி.

நிறைவேறிவிட்டது என்றால் அமலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. மன்றத்தில் கைதூக்கியதும் அது வெறும் காகிதம். மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எங்களிடம் வந்து அரசிதழில் அச்சாக வேண்டும். அச்சான பிறகும் பல சட்டங்கள் தூங்கும். முதல் பிரிவிலேயே, 'அரசு அறிவிக்கை செய்யும் நாளில் இது அமலுக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம்' என்று ஒரு வரி இருக்கும். அச்சாகி ஆறு வருடமாக அமலுக்கு வராத சட்டம் ஒன்று எனக்குத் தெரியும். அதில் ஒரு எழுத்துப் பிழைகூடக் கிடையாது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். குற்றச் சட்டம் பின்னோக்கி நடக்காது. என்றைக்கு அமலோ அன்றையிலிருந்துதான். முந்தின நாள் மாலை பூட்டியவனைக்கூட அதை வைத்துத் தொட முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் பூட்டியவனை எப்படித் தொடுவது? சின்னவளுக்காக இதிலிருந்து எதுவும் கிடைக்காது. இதைச் சொல்லாமல் விட்டால் நீ வீணாக நம்பிக்கொண்டிருப்பாய்.

அரசிதழ் வெளிவருவதற்கு முன் உள்ளே பார்த்ததை வெளியே சொன்னால் என் வேலை போகும். வெளிவந்த அன்றே எழுதுகிறேன்.

எதற்குத் தேதி கேட்கிறாய்? கதவைத் திறக்கச் சொல்லத்தானே? அண்ணி உன்னைப் பற்றி அப்படிச் சொன்னது உண்மைதான். சொன்ன பிறகு அழவும் செய்தாள்.

அண்ணன்

•

பிப்ரவரி 19

அண்ணனுக்கு,

கதவைத் திறக்கச் சொல்லவா? இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அவனுக்கு வருகைப் பதிவேடு எழுதியது அதற்காகவா?

சட்டம் பின்னோக்கி நடக்காது என்று எழுதியிருந்தாய். நடக்க வேண்டாம். அவனை முன்னோக்கி நடக்க வைக்கிறேன்.

சொல்கிறேன், கேள். போன திங்கட்கிழமை சாவிக்கொத்து என்னை அறைக்குக் கூப்பிட்டான். தள்ளினால் திறக்கிற மாதிரி புதுக் கதவு போட வேண்டுமாம், தச்சர் வந்து அளவு எடுத்துப் போயிருக்கிறார்.

"வக்கீலைக் கேட்டா ஒரு தேதி சொல்றதுக்கும் ஃபீஸ் கேப்பான்மா. உங்க அண்ணன் அந்த அச்சகத்துலதானே இருக்கார்? என்னைக்குச் சட்டம் வருதுன்னு கேட்டுச் சொல்லேன். அதுக்கு முந்தின நாள் கதவை மாத்திக்கலாம். அதுவரைக்கும் எதுக்கு வீணா திறந்து போடணும்?"

எவளைக் கொன்றானோ அவளுடைய அக்காவிடம், அதே கதவைப் பற்றி, இப்படிக் கேட்கிறான். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. நீ அந்தச் சமாதானக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாயே, அன்றோடு அவனுக்கு அந்த விஷயம் முடிந்துபோய்விட்டது. நானும் வாய் திறக்காமல் வேலை செய்கிறேன், மேசை வேலை வேறு கொடுத்திருக்கிறான். இவளுக்கு மறந்துவிட்டது என்று நினைக்கிறான்.

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன்.

உண்மைத் தேதியை நீ எனக்குச் சொல்வாய். நான் அவனுக்குத் தள்ளி ஒரு தேதி சொல்வேன். நடுவில் இருக்கும் நாட்களில் அவன் வழக்கம்போலப் பூட்டுவான். சட்டம் அமலுக்கு வரும் முதல் நாளே தொழிற்சாலை ஆய்வாளர் அம்மா வாசலில் நிற்பார். அந்தச் சட்டத்தில் முதல் வழக்கு அவன் பேரில் இருக்க வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. சோறு இறங்குகிறது இப்போது, தெரியுமா? இரண்டு வருடம் கழித்து நேற்றுத்தான் பசி எடுத்துச் சாப்பிட்டேன்.

உன்னால் நான் பட்டது போதும். இதையாவது செய்.

உன் தங்கை

•

மார்ச் 6

வாயாடிக்கு,

அந்த அறிவிக்கை பிப்ரவரி 27 அன்றே என் மேசைக்கு வந்தது. மூன்று புரூஃப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் தேதியில் பேனா நின்றது. இன்று காலை பத்து மணிக்கு அரசிதழ் வெளிவந்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் கவுண்டரில் வாங்கிப் படிக்கலாம். யாரும் வாங்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

பிரிவு ஒன்று முதல் எட்டு வரை மார்ச் 9. அதெல்லாம் விளக்கம், பதிவேடு, படிவம். பூட்டினால் சிறை என்று சொல்வது பிரிவு ஒன்பது. அது மார்ச் 23 அன்று அமலுக்கு வருகிறது. கதவை மாற்ற முதலாளிகளுக்கு அவகாசம் வேண்டுமாம்.

சொல்லிவிட்டேன். இப்போது நீ நான் சொல்வதைக் கேள்.

அந்தக் கூடத்தில் எத்தனை பேர்? நீ எழுதவில்லை. அறுபதுக்குக் குறையாது. அவர்களில் ஒருத்திக்காவது உன் திட்டம் தெரியுமா? அவன் திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறான். நீ அவன் மாட்ட வேண்டும் என்பதற்காகப் பூட்டியே இருக்கட்டும் என்கிறாய். உள்ளே இருப்பவளுக்கு இரண்டும் ஒன்றுதான். இதை எழுதினால் நீ என்னைக் கோழை என்பாய். சொல்லிக்கொள்.

அந்தக் கையெழுத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டு வாசலிலேயே கத்திவிட்டுப் போய்விட்டாய். நான் பிணவறை வாசலில் மூன்று நாள் நின்றேன். உள்ளே அவள் கிடந்தாள். 'கம்பெனியிலிருந்து ஒரு காகிதம் வந்தால்தான் மற்ற காகிதம் நகரும்' என்றார்கள். அவனுடைய மேனேஜர் தினமும் வந்து, "புகார் இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க, இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரலாம்" என்பான். கூட்டிக்கொண்டு போகலாமாம், ஏதோ அவள் நடந்து வருவது மாதிரி. மூன்றாம் நாள் அங்கே ஐஸ் தீர்ந்துவிட்டது. போட்டுவிட்டேன்.

நியாயம் கேட்கவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதினேன்.

அண்ணன்

•

மார்ச் 11

அண்ணனுக்கு,

ஐஸ் தீர்ந்த கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்று அப்படிக் கத்தியிருக்க மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். கத்தித்தான் இருப்பேன். ஆனால் வேறு மாதிரி.

அதைப் பற்றிப் பிறகு. இப்போது என் தலையில் வேறு எதற்கும் இடம் இல்லை.

ஏப்ரல் முதல் தேதி என்று சொல்லிவிட்டேன். "அண்ணனே பாத்தாராம் சார், ஒண்ணாம் தேதிதான்" என்றேன். நம்பிவிட்டான். தச்சரை 30ஆம் தேதி வரச் சொல்லி என் எதிரிலேயே போன் செய்தான். ஆய்வாளர் அம்மாவை வெளியே ஒரு டீக்கடையில் வைத்துப் பார்த்துப் பேசினேன். 23ஆம் தேதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறார், இரண்டு போலீஸ்காரர்களோடு. நான் போன் செய்ததும் பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்.

இன்னும் கேள். நேற்று அவனாகவே என்னைக் கூப்பிட்டு, "படிச்ச பொண்ணு, பொறுப்பா இருப்ப" என்று சொல்லிப் பின்கதவுச் சாவியை என் கையில் கொடுத்தான். பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று எனக்கு ஒரு பதவியும் கொடுத்து, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டான். மதியம் இரண்டரைக்கு நான் பூட்ட வேண்டும், ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். சாட்சிக்குச் சாவியே என்னிடம் இருக்கிறது! இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவில்லை.

அறுபத்து மூன்று பேர், என்னையும் சேர்த்து. அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று நினைக்காதே. இன்னும் பன்னிரண்டு நாள். ஐந்து வருடமாகப் பூட்டிய கதவு, பன்னிரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

உன் தங்கை

•

மார்ச் 14, விரைவு அஞ்சல்

அடியே முட்டாள்,

நீயும் போட்டாயா ஒரு கையெழுத்து!

படித்துப் பார்த்தாயா அதில் என்ன எழுதியிருந்தது என்று? பிரிவு ஒன்பதை நான் மூன்று புரூஃப் பார்த்தவன், எனக்கு மனப்பாடம். அதில் முதலாளி என்ற சொல்லே கிடையாது. 'வெளியேறும் வழியின் சாவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர், அல்லது அதைத் தன் கையால் பூட்டுபவர்' என்றுதான் இருக்கிறது. இதை எழுதியவர் யார் வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு எழுதினாரோ. 23ஆம் தேதி ஆய்வாளர் வந்தால் அந்த அம்மா பிடிக்க வேண்டியது உன்னை. சாவி உன்னிடம். பூட்டியது நீ. பதவி உனக்கு. கையெழுத்தும் உன்னுடையது. சாவிக்கொத்து அந்தப் பக்கம் நின்று, "நான் அந்தப் பொண்ணை நம்பித்தானே சார் விட்டேன்" என்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

ஃபீஸ் கேட்பான் என்று வக்கீலைக் கேட்கவில்லையாம். தேதியைத்தான் கேட்கவில்லை. எவள் தலையில் கட்டுவது என்று கேட்டுவிட்டான்.

பூட்டாதே. சாவியைத் திருப்பிக் கொடு. வாய்ப்பேச்சோடு கொடுக்காதே. உங்கள் அலுவலகத்தில் சாவி கைமாறினால் எழுதும் பதிவேடு ஒன்று உண்டே, அதில் எழுதி, 'பெற்றுக்கொண்டேன்' என்று அவன் கையெழுத்தை வாங்கு. பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்று தேதி போட்டுத் தனியாக ஒரு காகிதமும் கொடு, நகலை என் பேருக்கு அனுப்பு.

அதோடு நிறுத்திக்கொள், கதவைத் திறந்து வைத்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எனக்கும் அவன் உள்ளே போக வேண்டும். அந்த மேனேஜர் நீட்டிய பேனா இன்னும் என் கனவில் வருகிறது. சாவி அவனிடம் போன பிறகு அவனாகப் பூட்டினால், அது அவன் பூட்டியது.

அறுபத்து மூன்று பேர் என்று எழுதியிருந்தாய். இதை எழுதிய பிறகு என்னால் உன்னைக் குறை சொல்ல முடியாது.

அண்ணன்

•

மார்ச் 25

அண்ணா,

முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன்.

உன் விரைவு அஞ்சல் 17ஆம் தேதி வந்தது. படித்துவிட்டு, நான் எவ்வளவு பெரிய மக்கு என்று சிரித்தேன். மறுநாள் காலை சாவியையும் காகிதத்தையும் கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன்.

"என்னால முடியல சார். அந்தக் கதவுகிட்ட போனாலே கை நடுங்குது. தங்கச்சி ஞாபகம் வருது."

"இன்னுமா அதையே நெனச்சிட்டிருக்க?" என்றான். இதற்காகவே அவனுக்கு இன்னும் ஏழு வருடம் சேர்த்துக் கொடுக்கலாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். ஒண்ணாம் தேதிக்குள் வேறு ஒருத்தியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். அவன் கணக்கில் நாள் நிறைய இருந்ததே.

23ஆம் தேதி மதியம் அவன் மறந்துவிட்டான். இரண்டரை ஆகியும் கதவு திறந்தே கிடக்கிறது. காற்று வருகிறது என்று நான்கைந்து பெண்கள் பின்பக்கம் போய் நின்றார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் அறைக்குப் போய், "சார், பின்னாடி எல்லாரும் வெளியில நிக்கிறாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சாவிகள் குலுங்க ஓடி வந்தான். "சம்பளம் காத்து வாங்கவா குடுக்குறேன்?" என்று கத்தி எல்லோரையும் உள்ளே தள்ளித் தன் கையால் பூட்டினான். அறுபத்து இரண்டு பேர் பார்த்தார்கள். நான் போன் செய்துவிட்டு, என் மேசைக்குப் போகாமல் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். நீ எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால்தான்.

பதினொரு நிமிடம். ஆறாவது நிமிடத்தில் துணி கருகும் வாசனை வந்தது. இஸ்திரி மேசையில் யாரோ ஒருத்தி பெட்டியை ஒரு சட்டை மேல் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். புகை கொஞ்சம்தான், ஒரு கை அளவு. கத்தக்கூட முடியவில்லை. அந்த ஒரு நிமிடம், நீ சொன்னதுதான் சரி, நான்தான் இவர்களை உள்ளே வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். பிறகு அவள் பெட்டியைத் தூக்கி, "அய்யய்யோ, சாவிக்கொத்து என் தோலை உரிச்சிடுவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் ரவிக்கை வியர்வையில் நனைந்திருந்தது.

ஆய்வாளர் அம்மா வந்தார். கதவை இழுத்துப் பார்த்தார். சாவி எங்கே என்றார். அது அவன் இடுப்பிலேயே தொங்கியது.

"மேடம், சட்டம் ஒண்ணாம் தேதியிலிருந்துதானே?" என்றான்.

"யார் சொன்னது?"

என் பக்கம் திரும்பினான். "நீதானே சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றேன். எல்லோரும் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அண்ணா. இரண்டு வருடம் அந்த ஒரு முகத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

ஆய்வாளர் அம்மா, "கெஜட் என்னத்துக்குப் போடுறாங்க? கிளார்க்கைக் கேட்டுக்கிட்டா சட்டம் வரும்?" என்று சொல்லிவிட்டுப் போலீஸ்காரரைப் பார்த்தார்.

பிறகு, உள்ளே இருந்தவர்களின் பட்டியல் வேண்டும் என்றார். வருகைப் பதிவேடு எழுதுபவள் நான்தானே. உட்கார்ந்து எழுதினேன். எழுதிக்கொண்டே வந்தவள், கடைசியில் நம் சின்னவளின் பெயரையும் எழுதிவிட்டேன். தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துதான் எழுதினேன். அவன் பேரில் முதல் வழக்கு, அதில் அவள் பெயர் இல்லை என்றால் அது யாருக்கான வழக்கு?

அந்த அம்மா தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆள் அறுபத்து மூணு. இதுல அறுபத்து நாலு இருக்கு. யாரும்மா இந்தக் கடைசி?"

"என் தங்கச்சி."

"எங்க அவ?"

"இந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் செத்தா. ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் பட்டியலை மடித்துக்கொண்டார். நல்ல பெண்மணி. அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொன்னார். "அது இந்தத் தேதிக்கு முந்தினதும்மா. இந்தப் பேர் இருந்தா, பட்டியலே பொய்னு அவர் வக்கீல் முதல் நாளே கிழிச்சுப் போட்டுருவார். ஆள் வெளியில வந்துருவார். நான் அடிக்க முடியாது. எழுதுனவங்கதான் அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போடணும்."

அவன் ஜீப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. என் கையையே பார்த்தான். நான் அடிக்க மாட்டேன் என்று நம்பினான் போலிருக்கிறது.

அவள் பெயர் மேல் ஒரே கோடு. பக்கத்தில் கையெழுத்து, தேதி.

அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜாமீன் இல்லை. கூடத்துப் பெண்கள் யாரும் நேற்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எனக்குத் தேதி முன்பே தெரியும் என்று தெரிந்துவிட்டது, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

உன்னிடம் பேனாவை நீட்டியபோது நீ மூன்று நாள் நின்றிருக்கிறாய். எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அண்ணா. அவன் உள்ளே போக வேண்டும், அது ஒன்றுதான் தலையில் இருந்தது.

உன் தங்கை